ஒலிப்பதிவுக் கருவிக்குக் கண் இல்லை: ‘ஹிட் மேன்’ படத்தில் எது நிஜம், எது சட்டம், எது காதல்

ரிச்சர்ட் லிங்க்லேட்டர் இயக்கிய ‘ஹிட் மேன்’ படம், இது ஓரளவு உண்மைக் கதை என்ற அறிவிப்போடு தொடங்குகிறது. குழப்பமெல்லாம் அந்த ‘ஓரளவு’ என்ற சொல்லில்தான். படம் பார்த்தவர்களுக்கு எழும் கேள்விகளை மூன்றாகச் சுருக்கலாம். கூலிக்குக் கொலை செய்பவன்போல் நடித்து ஆள் பிடிக்கும் வேலை நிஜமாகவே உண்டா? போலீஸே ஆள் அனுப்பி, பேசவைத்து, பேசியதற்காகவே கைது செய்வது சட்டப்படி செல்லுமா? இரண்டு பிணம் விழும் கதையை எந்தக் கணக்கில் காதல் நகைச்சுவை என்கிறார்கள்?

மூன்றுக்கும் பதில், சட்டைக்குள் ஒளித்துவைத்த ஒலிப்பதிவுக் கருவியிலிருந்துதான் தொடங்குகிறது. அது ஏன் அங்கே இருக்கிறது என்று புரிந்தால், படத்தின் மிகச்சிறந்த காட்சி ஏன் அப்படி எழுதப்பட்டது என்பதும் புரிந்துவிடும். (கதையின் முடிவுவரை இங்கே பேசவேண்டியிருக்கிறது. படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.)

## படம் சொல்லும் கதை

2023 செப்டம்பரில் வெனிஸ் திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்டது. அதே மாதம் டொராண்டோ விழாவின்போது நெட்ஃபிளிக்ஸ் சுமார் 2 கோடி டாலர் கொடுத்து வாங்கி, 2024 ஜூன் 7 அன்று வெளியிட்டது. திரைக்கதையை லிங்க்லேட்டரும் நாயகன் கிளென் பவலும் சேர்ந்து எழுதினார்கள்.

கேரி ஜான்சன், நியூ ஆர்லியன்ஸில் ஒரு பல்கலைக்கழக ஆசிரியர். உளவியலும் தத்துவமும் நடத்துகிறார். விவாகரத்தானவர். ‘இட்’, ‘ஈகோ’ என்று ஃபிராய்டின் கலைச்சொற்களையே பெயராகச் சூட்டிய இரண்டு பூனைகள், பறவை பார்க்கும் பழக்கம், மாணவர்கள் கேலி செய்யும் ஒரு ஹோண்டா சிவிக் கார். பகுதிநேரமாகப் போலீசுக்கு ஒட்டுக்கேட்கும் கருவிகளை இயக்கித் தருகிறார். கொலையாளி வேடம் போட்டுப் போகவேண்டிய ஜாஸ்பர் என்ற போலீஸ்காரர் பணியிடைநீக்கம் ஆகிவிட, வேனுக்குள் உட்கார்ந்திருந்த கேரியையே அந்த வேடத்தில் அனுப்பிவிடுகிறார்கள். சாதுவான வாத்தியாருக்கு நடிப்பு பிரமாதமாக வருகிறது. ஒவ்வொரு வாடிக்கையாளரைப் பற்றியும் முன்கூட்டியே விசாரித்து, அவரவர் கற்பனையில் கொலையாளி எப்படி இருப்பானோ அப்படியே போய் நிற்கிறார்.

பிறகு மேடிசன் வருகிறாள் (அட்ரியா அர்ஹோனா). கொடுமைக்காரக் கணவனைக் கொல்லப் பணத்தோடு வந்தவளிடம், ‘ரான்’ என்ற வேடத்தில் இருக்கும் கேரி, இந்தப் பணத்தை வைத்து வேறு வாழ்க்கை தொடங்கு என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். இருவருக்கும் காதல் மலர்கிறது. அவள் காதலிப்பது ரானை. கேரி என்று ஒருவர் இருப்பதே அவளுக்குத் தெரியாது. அதன்பின் கணவன் ரே சுட்டுக் கொல்லப்படுகிறான், நிஜமாகவே.

## நிஜமான கேரி ஜான்சன்

டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில், ஹாரிஸ் கவுன்ட்டி அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் கேரி ஜான்சன் என்று ஒரு புலனாய்வாளர் இருந்தார். வியட்நாம் போரில் ராணுவக் காவல் பிரிவில் பணியாற்றியவர். மாலை நேரங்களில் ஒரு சமுதாயக் கல்லூரியில் உளவியல் வகுப்பு எடுத்தார். பூனைகளின் பெயர்கூட அதே இட், ஈகோ. 1980களின் இறுதியில் முதல்முறையாகக் கொலையாளி வேடம் கட்டியவர், ஏறத்தாழ அதையே தன் துறையாக்கிக்கொண்டார். அவர் பங்கேற்ற நடவடிக்கைகளில் கைதானவர்கள் 60 பேருக்கும் மேல்.

இவரைப் பற்றி ஸ்கிப் ஹாலண்ட்ஸ்வர்த் என்ற பத்திரிகையாளர் ‘டெக்சஸ் மன்த்லி’ இதழில் 2001 அக்டோபரில் எழுதிய கட்டுரைதான் படத்தின் மூலம். அதே பத்திரிகையாளரின் வேறொரு கட்டுரையிலிருந்துதான் லிங்க்லேட்டர் 2011இல் ‘பெர்னி’ படத்தையும் எடுத்தார். ஜான்சனைப் பற்றிய கட்டுரையும் வெளியான காலத்திலிருந்தே அவருக்குத் தெரியும். ஆனால் இருபது ஆண்டுகள் அவரால் அதைப் படமாக்க முடியவில்லை. ஒருவர் வருகிறார், பேரம் பேசுகிறார், கைதாகிறார். அடுத்தவர் வருகிறார், பேரம் பேசுகிறார், கைதாகிறார். கிறுக்குத்தனமான சம்பவங்கள் ஏராளம். ஒரு பள்ளி மாணவன் வகுப்புத் தோழனைக் கொல்லச் சொல்லிவிட்டு, கூலியாகச் சில வீடியோ கேம்களையும் சில்லறைக் காசையும் நீட்டியது உட்பட. ஆனால் சம்பவங்களைச் சேர்த்துக் கட்ட நூல் இல்லை. கொரோனா காலத்தில் கட்டுரையைப் படித்த கிளென் பவல், ஓர் இடத்தில் உண்மையை விட்டு விலகிவிடலாம் என்று சொன்னபிறகுதான் கதை கிடைத்தது. அந்த இடம் எது என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

## ‘ஹிட்மேன்’ என்று ஒருவன் இருக்கிறானா?

படத்தில் கேரி நம்மைப் பார்த்துச் சொல்லும் முக்கியமான செய்தி இதுதான்: பணம் கொடுத்தால் யாருக்கும் வந்து கொலை செய்துவிட்டுப் போகும் தனித்தொழில்காரன் என்பவன் சினிமா பெற்றெடுத்த பிள்ளை. கூடவே பழைய படங்களின் துண்டுக் காட்சிகளும் ஓடுகின்றன.

இது முழு உண்மையா என்றால், இல்லை. கொஞ்சம் பிரித்துப் பார்க்கவேண்டும்.

குற்றக் கும்பல்களுக்குள் கொலையே தொழிலாக இருந்தவர்கள் உண்டு. நியூயார்க்கின் புரூக்ளினில் 1930களில் இயங்கிய கும்பலுக்குப் பத்திரிகைகள் ‘மர்டர் இன்கார்ப்பரேட்டட்’ என்றே பெயர் வைத்தன. ஆனால் அவர்கள் மாஃபியாவின் உள்வேலைக்காரர்கள். பக்கத்து வீட்டுக்காரர் மேல் கோபம் என்று நீங்களோ நானோ போய் அவர்களை அமர்த்த முடியாது. கேரி ‘இல்லை’ என்று சொல்வது, சந்தையில் கிடைக்கும் கொலையாளியை.

அந்தச் சந்தையில் உண்மையில் கிடைப்பது யார்? பிரிட்டனில் பர்மிங்ஹாம் சிட்டி பல்கலைக்கழகத்தின் குற்றவியல் ஆய்வாளர்கள், 1974 முதல் 2013 வரை அங்கே நடந்த கூலிக்கொலைகளைத் தொகுத்து 2014இல் வெளியிட்டார்கள். கிடைத்தவை 27 வழக்குகள், 36 கொலையாளிகள். சராசரிக் கூலி 15,180 பவுண்டு. மிகக் குறைந்த கூலி 200 பவுண்டு. அதை வாங்கியவனின் வயது 15. ஓட்டல் மாடியிலிருந்து தொலைநோக்கித் துப்பாக்கியால் குறிபார்க்கும் கனவான்கள் அல்ல. பெரும்பாலும் அதே ஊரில், சாதாரணத் தெருவில், தெரிந்தவர் மூலம் பிடித்துவந்த ஆட்கள். இது பிடிபட்டவர்களின் கணக்கு மட்டுமே என்பதை ஆய்வாளர்களும் மறைக்கவில்லை. கைதேர்ந்தவன் பிடிபட மாட்டான், ஆகவே கணக்கில் வர மாட்டான்.

ஆஸ்திரேலியக் குற்றவியல் நிறுவனம் 1989 முதல் 2002 வரையிலான கூலிக்கொலைகளை ஆராய்ந்தபோது, நோக்கங்களில் முதலிடத்தில் இருந்தது உறவு முறிவு. சொத்துத் தகராறும் போதைக் கும்பல் சண்டையும் அதற்குப் பின்னால்தான். கொலையாளியைத் தேடி வருபவர்களில் பலர் ஒரு காலத்தில் காதலித்தவர்கள் என்றால், இந்தப் பொருளில் ஒரு காதல் படம் எடுப்பது அவ்வளவு விபரீதமான யோசனை அல்ல.

தமிழ்ச் செய்தித்தாள்களின் சொல் ‘கூலிப்படை’. அதில் இருப்பது படை, கூட்டம், நாலைந்து பேர், ஒரு கார். ஆங்கிலச் சொல்லிலோ ஒற்றை ஆள். தனிமையில் உலவும் அந்த ஒற்றை ஆளின் கவர்ச்சி, நம் சொல்லுக்குள் நுழையவே இடமில்லை. மேடிசன் காதலித்தது அந்த ஒற்றை ஆளைத்தான்.

## வலை விரிப்பது எப்படி?

‘ஸ்டிங்’ என்று சொல்லப்படும் இந்த நடவடிக்கையின் வரிசை ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

1. ஒருவர் மதுக்கடையிலோ வேலையிடத்திலோ நண்பரிடம், “இந்த வேலைக்கு உனக்கு யாரையாவது தெரியுமா?” என்று கேட்கிறார். கேட்கப்பட்டவர் பயந்துபோய்ப் போலீசிடம் சொல்கிறார். தொடக்கம் எப்போதும் வெளியிலிருந்து வரவேண்டும். ஏன் என்பது கீழே தெரியும்.

2. “எனக்கு ஓர் ஆளைத் தெரியும்” என்று அவரையே திரும்பச் சொல்லச் சொல்கிறது போலீஸ்.

3. அந்த ‘ஆள்’ உடம்பில் ஒலிப்பதிவுக் கருவியோடு சந்திக்கப் போகிறார். சற்றுத் தள்ளி ஒரு வேனில் மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

4. பேச்சில் சில விஷயங்கள் தெளிவாக விழவேண்டும். யாரை, என்ன செய்யவேண்டும், எவ்வளவு. “அவரைக் கொஞ்சம் கவனிக்கணும்” என்றால் போதாது. நீதிமன்றத்தில் அதை எப்படி வேண்டுமானாலும் திருப்பலாம். ‘கொல்’ என்ற பொருள் அந்த வாயிலிருந்தே வரவேண்டும்.

5. “யோசித்துத்தான் சொல்கிறாயா? வேண்டாமென்றால் இப்போதே போய்விடலாம்” என்று விலகிப்போக ஒரு கதவும் திறந்து காட்டப்படும். இரக்கத்தால் மட்டுமல்ல. கதவு திறந்திருந்தும் போகவில்லை என்பது பிறகு வழக்குக்கு மிகப் பெரிய பலம்.

6. முன்பணம் கைமாறுகிறது. கைது.

நான்காவது படியைப் பாருங்கள், அது முழுக்க நடிகரின் வேலை. எதிரில் இருப்பவர் ஆளை நம்பினால்தான் வாய் திறப்பார். ஒருவரிடம் மிரட்டும் தோரணை பலிக்கும், இன்னொருவரிடம் கோட் சூட் போட்ட நாசூக்கு பலிக்கும். படத்தில் கிளென் பவல் மாற்றி மாற்றிப் போடும் வேடங்கள் மிகை. ஆனால் ஆளுக்கேற்ற வேடம் என்பது நிஜ ஜான்சனின் வழிமுறைதான். உளவியல் படித்தவரிடம் இந்த வேலை போய்ச் சேர்ந்ததில் ஆச்சரியமே இல்லை.

## பேசியது மட்டுமே குற்றம் ஆகுமா?

நிஜக் கொலையாளி இல்லை, கொலை நடக்கவில்லை, நடக்கவும் போவதில்லை. பிறகு எதற்குச் சிறை? படத்தில் கைதானவர்களின் வக்கீல்கள் நீதிமன்றத்தில் கேரியைக் குடைவதும் இதைப் பிடித்துக்கொண்டுதான்.

நிஜ ஜான்சன் வேலை பார்த்த டெக்சஸின் சட்டத்தை வைத்துப் பார்க்கலாம். நடக்காத கொலைக்குப் பொதுவாக மூன்று சட்டப் பெட்டிகள் உண்டு.

1. முயற்சி. கத்தியை ஓங்கியாகிவிட்டது, ஆனால் குத்து விழவில்லை என்பது போன்றவை. வெறும் ஏற்பாட்டைத் தாண்டி ஒரு செயல் வேண்டும். காபிக் கடையில் உட்கார்ந்து பேசியதை முயற்சி என்று நிரூபிப்பது கடினம்.

2. கூட்டுச்சதி. இரண்டு பேர் மனமொத்து உடன்படவேண்டும். இங்கே ஒருவர் போலீஸ் ஆள், உடன்படுவதுபோல் நடிக்கிறார். கூட்டாளியே போலிக் கூட்டாளி என்றால் கூட்டு ஏது? அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றங்கள், அரசின் ஆளோடு மட்டும் செய்துகொண்ட உடன்பாடு கூட்டுச்சதி ஆகாது என்று தீர்ப்பளித்திருக்கின்றன.

3. ‘சொலிசிட்டேஷன்’, அதாவது குற்றத்தைச் செய்யும்படி இன்னொருவரைக் கேட்பது. முதல் இரண்டு பெட்டிகளிலும் அடங்காததை அடைக்கச் செய்த பெட்டி இது. கேட்டவுடனேயே குற்றம் முழுமையாகிவிடுகிறது. கேட்கப்பட்டவர் ஒப்புக்கொண்டாரா, செய்யக்கூடியவரா, போலீசா என்பதெல்லாம் பொருட்டில்லை.

டெக்சஸ் சட்டத்தில் பணத்துக்காகச் செய்யும் கொலை, மரண தண்டனைவரை போகக்கூடிய குற்றம். பணம் கொடுத்தவருக்கும் அதே தண்டனை. அப்படிப்பட்ட கொலையைச் செய்யும்படி கேட்பது முதல்தரப் பெருங்குற்றம். கேட்டதற்கே 5 முதல் 99 ஆண்டுகள், அல்லது ஆயுள் சிறை.

இவ்வளவு கடுமையான தண்டனை, வெறும் வாய்ச்சொல்லுக்கு. ஆகவே சட்டம் ஒரு கடிவாளமும் போட்டிருக்கிறது. “இவர் என்னைக் கேட்டார்” என்று கேட்கப்பட்டவர் சொல்லும் சாட்சியம் ஒன்றை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது. அதை வலுவாக உறுதிப்படுத்தும் வேறு ஆதாரம் வேண்டும். அதே சட்டப்பிரிவிலேயே இது எழுதியிருக்கிறது.

ஒலிப்பதிவுக் கருவி சட்டைக்குள் போன காரணம் இதுதான். முன்பணத்தை வாங்குவதும் இதற்காகவே. கூலியைவிட அது ஆதாரமாகத்தான் முக்கியம். இப்படி ரகசியமாகப் பதிவு செய்யலாமா என்ற கேள்விக்கு 1971இல் ஒயிட் என்பவரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பேசிக்கொள்ளும் இருவரில் ஒருவரின் சம்மதம் இருந்தால் நீதிமன்ற ஆணை தேவையில்லை என்று வழி விட்டுவிட்டது. எதிரில் இருப்பவரை நம்பிப் பேசுவது பேசுபவரின் பொறுப்பு.

மனம் மாறியவருக்கு வழி உண்டா? கேட்டதைத் திரும்பப் பெற்று, குற்றம் நடக்காமல் தடுத்தவர் அதைத் தற்காப்பாக முன்வைக்கலாம். தானாக மனம் மாறியிருக்கவேண்டும். மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்தபின் மாறுவது செல்லாது.

## பொறியா, வாய்ப்பா?

எல்லா வக்கீல்களும் அடுத்துப் பிடிக்கும் கிளை ‘என்ட்ராப்மென்ட்’, தமிழில் பொறிவைத்தல் எனலாம். குற்றம் செய்யும் எண்ணமே இல்லாதவர் மனத்தில் அரசே அந்த எண்ணத்தை விதைத்து, பிறகு அதற்காகவே தண்டிக்கக் கூடாது என்பது இதன் சாரம். டெக்சஸ் சட்டத்தின் கோடு எளிமையானது: வாய்ப்பைக் கொடுத்தால் அது பொறி அல்ல, மற்றவரையும் குற்றத்துக்குத் தள்ளக்கூடிய அளவுக்கு வற்புறுத்தினால் பொறி.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் மூன்று வழக்குகள் இந்தக் கோட்டை வரைந்தன. மதுவிலக்குக் காலத்தில் சுற்றுலாப் பயணிபோல் வந்த அதிகாரி, தானும் முதல் உலகப் போரில் அதே படைப்பிரிவில் இருந்தவன் என்று உறவு கொண்டாடி, திரும்பத் திரும்பக் கேட்டு சொரெல்ஸ் என்பவரிடம் விஸ்கி வாங்கினார். பொறிவைத்தல் என்ற வாதத்தை ஜூரிகள் முன் வைக்க விட்டிருக்கவேண்டும் என்று சொல்லி 1932இல் அவர் தண்டனையை நீதிமன்றம் ரத்து செய்தது. போதைப்பழக்கத்துக்குச் சிகிச்சை பெறும் இடத்தில் பழகிய போலீஸ் உளவாளி, தனக்குச் சிகிச்சை பலிக்கவில்லை என்று கெஞ்சிக் கெஞ்சிப் போதைப்பொருள் வாங்கித் தரச் சொன்ன ஷெர்மன் வழக்கில், அது பொறியே என்று 1958இல் தீர்ப்பு. ஜேக்கப்சன் என்பவருக்கு அரசே 2 ஆண்டுகளுக்கும் மேலாகப் போலி அமைப்புகளின் பெயரில் கடிதம் போட்டுத் தடைசெய்யப்பட்ட இதழை வாங்கவைத்தது. 1992இல் அந்தத் தண்டனையும் செல்லாமல் போனது.

மூன்றிலும் முதலில் போய்க் கதவைத் தட்டியது அரசுதான். கூலிக்கொலை வழக்குகளில் வாடிக்கையாளர்தான் தட்டிக்கொண்டு வருகிறார். வலையின் முதல் படி வெளியிலிருந்து வரவேண்டும் என்றது இதனால்தான். கைதானவர்களில் பலருக்கு என்ட்ராப்மென்ட் வாதம் கைகொடுக்காததும் இதனால்தான்.

ஆனாலும் ஒரு நெருடல் மிச்சமிருக்கிறது, படமும் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. கோபத்தில் உளறியவருக்கு அந்த நேரம் பார்த்து இவ்வளவு கச்சிதமான, நம்பகமான ஒரு கொலையாளி வந்து வாய்க்காமல் போயிருந்தால்? அந்தக் கோபம் மறுநாள் தணிந்திருக்கலாம். சராசரி மனிதருக்குக் கொலையாளியைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. அந்தச் சிரமமே பல கொலைகளைத் தடுக்கிறது. கேரியின் திறமை கூடக் கூட அந்தத் தடை குறைகிறது. சட்டப்படி இது பொறி அல்ல. அதற்குமேல் சட்டம் பேசுவதில்லை.

இணையத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ‘ரென்ட் எ ஹிட்மேன்’ என்ற பெயரில் ஒரு தளத்தை 2005இல் ஒருவர் தன் கணினிப் பாதுகாப்புத் தொழிலுக்காகப் பதிவு செய்தார். ‘ஹிட்’ என்றதில் அவர் நினைத்தது தளத்துக்கு வரும் பார்வைகளை. நிஜமாகவே கொலை கேட்டுக் கடிதங்கள் வரத் தொடங்கின. அவர் அவற்றைப் போலீசுக்கு அனுப்பினார், கைதுகள் நடந்தன. படிப்பவர் எவருக்கும் கேலி என்று விளங்கவேண்டிய ஒரு பக்கத்தில், பெயரும் முகவரியும் போட்டுக் கொலை கேட்டிருக்கிறார்கள். கச்சிதமான நடிப்புக்கூட எப்போதும் தேவைப்படுவதில்லை போலும்.

## கைபேசிக் காட்சி

இப்போது படத்தின் உச்சத்துக்கு வரலாம்.

ரேயின் கொலைக்குப் பிறகு போலீசின் சந்தேகம் மேடிசன் மேல் விழுகிறது. 10 லட்சம் டாலர் ஆயுள் காப்பீடு வேறு. ‘ரான்’ வேடத்தில் அவள் வீட்டுக்குப் போய் ஒப்புதல் வாக்குமூலம் வாங்கிவரும்படி, ஒலிப்பதிவுக் கருவி மாட்டிக் கேரியை அனுப்புகிறார்கள். அவள்தான் கொன்றாள் என்று கேரிக்கு ஏற்கெனவே தெரியும். வேனில் சகாக்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கதவு திறந்ததும் கேரி கைபேசியில் எழுதிக் காட்டுகிறார்: கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதிலிருந்து இரண்டு நாடகங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. காதுக்கு ஒன்று: ரான் மிரட்டுகிறான், மேடிசன் அழுகிறாள், நான் எதுவும் செய்யவில்லை என்று கத்துகிறாள். கண்ணுக்கு இன்னொன்று: கைபேசியில் அடுத்த வசனத்துக்கான குறிப்பு, புருவ உயர்வு, “பிரமாதம்” என்ற தலையாட்டல், நடுநடுவே அவளுக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும் ஒரு நல்ல நடிகை.

சட்டம் வாய்ச்சொல்லைக் குற்றமாக்கியது. பிறகு, வாய்ச்சொல்லை நம்ப வேண்டுமானால் பதிவு வேண்டும் என்றது. அந்தப் பதிவை எடுத்துக் கொடுப்பதையே வேலையாகச் செய்தவருக்கு, அதற்குள் எது விழும், எது விழாது என்பது அத்துப்படி. பதிவில் இருப்பது மட்டுமே உண்மை என்று ஓர் அமைப்பு முடிவுகட்டிவிட்டால், பதிவில் இல்லாத எல்லாவற்றையும் காதலர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளலாம். கேரி எத்தனையோ பேரைப் பேசவைத்துச் சிறைக்கு அனுப்பினார். ஒருத்தியை மட்டும் அதே முறையில் பேசவைத்து விடுவிக்கிறார். தொழில் அதேதான், தலைகீழாக.

இது ஒரு காதல் காட்சியும்கூட. அதுவரை அவர்களுக்குள் இருந்த ஈர்ப்பு ரான் என்ற பொய்யின் மேல் நின்றது. அந்தப் பொய் உடைந்தபோது அவள் அவரை வெளியே துரத்தியிருந்தாள். இங்கேதான் இருவருமே நடிக்கிறார்கள், நடிக்கிறோம் என்று இருவருக்கும் தெரிகிறது. பொய் சொல்வதில் முதல்முறையாகக் கூட்டாளிகள். சற்றுமுன் சட்டப் பெட்டிகளில் இல்லாமல் போன ‘மனமொத்த உடன்பாடு’ கடைசியில் இங்கேதான் கிடைக்கிறது. எந்த ஒலிப்பதிவிலும் அது இல்லை.

## பிணம் விழுந்தும் காதல் நகைச்சுவையா?

இந்த வகைக்கு முன்னோர் உண்டு. 1985இல் ஜான் ஹியூஸ்டன் இயக்கிய ‘பிரிஸிஸ் ஹானர்’ படத்தில் காதலர் இருவருமே மாஃபியாவின் கொலையாளிகள். அந்தப் படத்துக்காக இயக்குநரின் மகள் ஆஞ்சலிகா ஹியூஸ்டன் துணை நடிகைக்கான ஆஸ்கர் வாங்கினார். 1997இல் வந்த ‘க்ரோஸ் பாயின்ட் பிளாங்க்’ படத்தில் ஒரு கொலையாளி, பள்ளிப் பழைய மாணவர் சந்திப்புக்குப் போய்ப் பழைய காதலியைத் தேடுகிறான். இவற்றில் கொலையாளி கொலையாளிதான், காதல் அவனை மனிதனாக்குகிறது. ‘ஹிட் மேன்’ அதைத் திருப்பிப் போடுகிறது. நாயகன் ஈயைக்கூட அடிக்காதவர், காதல் அவரைக் கொலையாளியாக்குகிறது.

ஏனெனில் இரண்டாவது பிணம் கேரியின் கைவேலை. உண்மையை மோப்பம் பிடித்த ஜாஸ்பர் பங்கு கேட்டு மிரட்டுகிறார். மேடிசன் அவர் குடிக்கும் பீரில் மயக்கமருந்து கலக்கிறாள். முகத்தில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து வேலையை முடிப்பது கேரி. அடுத்த காட்சியில் கல்யாணம், குழந்தைகள், வீடு.

மனைவி, கணவன், காப்பீட்டுப் பணம், உதவிக்கு ஓர் ஆண் என்ற கூட்டல் ‘ஃபிலிம் நுவார்’ எனப்படும் 1940களின் இருண்ட அமெரிக்கக் குற்றப் படங்களில் அடிக்கடி வரும். அங்கே கடைசி ரீலில் எல்லோரும் அழிந்தாகவேண்டும். கதை அப்படிக் கேட்டது ஒரு காரணம். ஹாலிவுட்டின் தணிக்கை விதித்தொகுப்பு இன்னொரு காரணம். 1934 முதல் கறாராக அமலான அந்த விதிகளின்படி குற்றம் தண்டனையின்றித் தப்பக் கூடாது. 1968இல் வயதுவாரித் தரப்படுத்தல் வந்தபிறகுதான் அது முழுதாகக் கைவிடப்பட்டது. லிங்க்லேட்டர் அந்தப் பழைய கூட்டலை அப்படியே எடுத்துக்கொண்டு, விடையை மட்டும் மாற்றி எழுதுகிறார்.

அந்த விடை நியாயமா என்பது வேறு விஷயம். செத்த இருவரையும் படம் நமக்குப் பிடிக்காதவர்களாகவே வைத்திருந்ததில் கொஞ்சம் சௌகரியம் இருக்கிறது. ரேக்கு ஒரு நல்ல குணம்கூட இல்லை. ஜாஸ்பர் ஊழல் பேர்வழி. அவர்களில் ஒருவரையாவது பார்வையாளர் மனத்தில் முள்ளாகத் தைக்கவிட்டிருந்தால், கடைசிச் சிரிப்பு இன்னும் கசந்திருக்கும். படத்துக்கு அந்தக் கசப்பு தேவைப்பட்டது என்றே தோன்றுகிறது. காப்பீட்டுத் தொகையைப் பற்றியும் படம் நழுவிவிடுகிறது. அவள் பயத்தில் சுட்டாளா, கணக்குப் போட்டுச் சுட்டாளா? கேரி கேட்பதில்லை. காதலில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்பதுதான் பதிலோ என்னவோ.

## உண்மை விலகிய இடம்

ஹாலண்ட்ஸ்வர்த்தின் கட்டுரை ஒரு பெண்ணின் சம்பவத்தோடு முடிகிறது. துணைவனிடமிருந்து தப்பிக்க வழி தெரியாமல், ஒரு காபிக் கடை ஊழியரிடம் அவனைக் கொல்ல ஆள் கிடைப்பாரா என்று கேட்டவள் அவள். தகவல் ஜான்சனிடம் வந்தது. அவர் உடனே வேடம் கட்டிக்கொண்டு கிளம்பவில்லை, முதலில் விசாரித்தார். அவள் உண்மையிலேயே அடிவாங்கிக்கொண்டிருந்தாள், உயிருக்குப் பயந்துகொண்டிருந்தாள். ஆகவே கைதுக்கு ஏற்பாடு செய்யாமல், அவளை மனநல ஆலோசகரிடமும் சமூகநலப் பணியாளர்களிடமும் சேர்த்துவிட்டார்.

லிங்க்லேட்டரும் பவலும் படத்தைப் பிடித்துக்கொண்டது இந்தப் பத்தியில்தான். அவர் அவளை அனுப்பிவிட்டபின் அவள் திரும்பி வந்திருந்தால்? அந்த ‘இருந்தால்’ முதல் படத்தின் கடைசி நொடிவரை எல்லாமே கற்பனை: ரான், காதல், கைபேசி, பிளாஸ்டிக் பை.

ஜான்சன் 2022இல், படம் வெளிவரும் முன்பே காலமானார். படம் முடிந்ததும் அவருடைய புகைப்படங்களோடு சில வரிகள் திரையில் ஓடுகின்றன. அவற்றில் ஒன்று அவர் செய்த கொலைகளின் எண்ணிக்கையைப் பூஜ்யம் என்கிறது. படத்தில் வரும் கொலை நாங்களே இட்டுக்கட்டியது என்ற ஒப்புதல் வாக்குமூலத்தோடு.